மூன்று நிறம், ஒரே வனிலா: மாஸ் எஃபெக்ட் முடிவில் உடைந்தது எது?

ஒரு வீடியோ கேமின் முடிவு பிடிக்கவில்லை என்று, அதை ஆடியவர்கள் காசு போட்டு, அதைத் தயாரித்த ஸ்டுடியோவுக்குக் கேக் வாங்கி அனுப்பினார்கள். 2012-ல் நடந்தது. கனடாவின் எட்மண்டன் நகரில் உள்ள பயோவேர் அலுவலகத்தில் ஏறக்குறைய 400 கப் கேக்குகள் வந்து இறங்கின. மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் க்ரீம். கடித்துப் பார்த்தால் மூன்றுமே வனிலா. பயோவேர்காரர்கள் அதை ஓர் இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் கிண்டல் புரியாமல் இருந்திருக்காது.

அந்த விளையாட்டு மாஸ் எஃபெக்ட் 3. எதிர்ப்பு கேக்கோடு நிற்கவில்லை. முடிவை மாற்றச் சொன்ன ரசிகர்கள், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் சைல்ட்ஸ் ப்ளே என்ற அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஒருத்தர் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கே புகார் அனுப்பினார்: விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கையில் கொடுத்தது ஒன்று என்று. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரிந்தது. "ஹீரோ செத்துட்டான்னு இவ்வளவு அழுகையா?"

ஹீரோ சாவது பிரச்சினையே இல்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். முடிவு முழுவதையும் சொல்லப் போகிறேன். இனிமேல்தான் ஆடணும்னு வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. முதல் பாகம் 2007-ல் வந்தது, இரண்டாவது 2010 ஜனவரியில், மூன்றாவது 2012 மார்ச்சில். நீங்கள் ஷெப்பர்டு என்ற ராணுவ கமாண்டர். ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம். நார்மண்டி என்ற கப்பல், அதில் பல கிரகத்து ஆட்கள் கொண்ட ஒரு குழு. எதிரி, ரீப்பர் எனப்படும் ராட்சத இயந்திரங்கள். 50,000 வருடத்துக்கு ஒருமுறை வந்து, விண்மீன் மண்டலத்தில் வளர்ந்து நிற்கும் நாகரிகங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போய்விடும். இந்த முறை நம் காலத்து முறை.

இந்த அளவுக்குக் கதை எத்தனையோ விளையாட்டில் இருக்கிறது. மாஸ் எஃபெக்டை வேறு மாதிரி ஆக்கியது சேவ் ஃபைல். முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவுகள் ஒரு கோப்பில் இருக்கும். இரண்டாவதைத் தொடங்கும்போது அதைக் கொடுத்தால், அந்த ஷெப்பர்டாகவே தொடரலாம். அப்புறம் மூன்றாவதிலும். ரசிகர்கள் எழுதிய ஒரு எடிட்டரில் என் பழைய கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறேன். தொழில் புத்தி, வேறென்ன. உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஆம்/இல்லை என்ற ஃப்ளாகுகள் ஒரு நீண்ட பட்டியல், முழு எண்கள் ஒரு பட்டியல், தசம எண்கள் ஒரு பட்டியல். ரெக்ஸ் உயிரோடு இருக்கிறானா? ஆம். ராக்னி ராணியை விட்டுவிட்டீர்களா? ஆம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒவ்வொரு 'ஆம்'-க்குப் பின்னாலும் ராத்திரி இரண்டு மணிக்கு நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசித்த ஐந்து நிமிடம் இருக்கிறது.

இந்த ஃப்ளாகுகளை எவ்வளவு அழகாகப் பயன்படுத்த முடியும் என்பதை மூன்றாம் பாகமே காட்டுகிறது. டுசாங்கா என்ற கிரகத்தின் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். க்ரோகன் என்ற போர்வெறி இனத்துக்கு முன்பு மலட்டு நோய் ஒன்றைப் பரப்பியிருக்கிறார்கள். பெயர் ஜெனோஃபேஜ். இப்போது ரீப்பர்களை எதிர்க்க க்ரோகன் படை வேண்டும். அவர்கள் கேட்கும் விலை அந்த நோய்க்கு மருந்து. மருந்தைத் தயாரிப்பவர் மோர்டின் என்ற விஞ்ஞானி. அந்த நோயை மேம்படுத்தியதில் ஒருகாலத்தில் பங்கு வகித்தவரும் அவரே. மருந்தைப் பரப்ப அவர் இடிந்து விழும் கோபுரத்தின் உச்சிக்குப் போக வேண்டும், திரும்ப முடியாது.

இதில் உங்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மருந்தை ரகசியமாகக் கெடுத்துவிடலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் பாகத்தில் ரெக்ஸ் பிழைத்திருந்தால் அவன்தான் க்ரோகன் தலைவன், பக்குவமானவன். மருந்தைக் கெடுத்தால் பிறகு அவனே கண்டுபிடித்து உங்கள் எதிரே வந்து நிற்பான். ரெக்ஸ் இறந்திருந்தால் தலைவன் ரீவ், வெறும் போர் வெறியன். இரண்டாம் பாகத்தில் ஓர் ஆய்வுத் தரவை அழித்திருந்தால், ஈவ் என்ற க்ரோகன் பெண்ணும் பிழைக்க மாட்டாள். ரீவ் தலைவன், ஈவும் இல்லை என்றால், இந்த இனத்தை இப்போது குணப்படுத்தினால் அடுத்த போர் நிச்சயம் என்று மோர்டினிடமே வாதாடி, அவரைக் கோபுரத்தில் ஏறாமல் நிறுத்த முடியும். மோர்டின் பிழைத்துக்கொள்வார்.

ஐந்து வருடத்தில் மூன்று விளையாட்டில் எடுத்த முடிவுகள் ஒரே லிஃப்ட் வாசலில் வந்து சந்திக்கின்றன. சரியான விடை என்று எதுவும் கிடையாது, உங்கள் உலகத்தில் எது நியாயம் என்பதை உங்கள் பழைய முடிவுகளே தீர்மானிக்கின்றன. நாவலோ சினிமாவோ இதைச் செய்ய முடியாது.

ரனோக் கிரகமும் அப்படித்தான். குவாரியன்கள் கெத் என்ற இயந்திரங்களை வேலைக்காரர்களாகப் படைத்தார்கள். ஒருநாள் ஒரு கெத், தனக்கு ஆன்மா உண்டா என்று கேட்டது. பயந்துபோன குவாரியன்கள் எல்லாவற்றையும் அணைக்கப் பார்த்தார்கள், கெத் திருப்பி அடித்தது, குவாரியன்கள் சொந்த கிரகத்தை இழந்து 300 வருடமாகக் கப்பல்களில் அலைகிறார்கள். மூன்றாம் பாகத்தில் இருவரில் ஒருவரை அழிய விட வேண்டிய நிலை வரும். ஆனால் முன்பாகத்தில் டாலியை நாடு கடத்தாமல் காப்பாற்றியது, லீஜியன் விஷயத்தில் என்ன செய்தீர்கள் என்பது என்று சிலவற்றை உள்ளே கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறது நிரல். போதுமான மதிப்பெண் இருந்தால் மூன்றாவது வழி திறக்கும்: சமாதானம். படைத்தவர்களும் படைக்கப்பட்டவர்களும் ஒரே கிரகத்தில். இந்த வழி எல்லோருக்கும் திறக்காது, அதனால்தான் திறந்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி. இத்தனை ஃப்ளாகுகளையும் வைத்துக்கொண்டு முடிவு எழுதுவது நடக்கிற காரியமா? பத்து ஃப்ளாக் இருந்தாலே 1024 சேர்க்கை. நூறு இருந்தால் எழுதி முடிக்க ஆள் கிடையாது. முடிவை ஆதரித்தவர்கள் அன்று சொன்ன முக்கியமான சமாதானம் இது. மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் அதில் அனுதாபம் உண்டு. ஆனால் ஏற்கமாட்டேன். காரணம், இதே ஸ்டுடியோ இதே பிரச்சினையை இரண்டு வருடம் முன்பே தீர்த்துவிட்டது.

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பணியைத் தற்கொலைப் பணி என்பார்கள். குழுவில் கூடுதல் பாத்திரங்கள் இருவரையும் சேர்த்து 12 பேர். யார் வேண்டுமானாலும் சாகலாம். கப்பலின் கவசத்தை மேம்படுத்தவில்லையா, போகிற வழியிலேயே ஒருவர் காலி. காற்றுக் குழாய்க்குள் தவறான ஆளை அனுப்பினால் அவர் காலி. கடைசியில் பின்னால் நின்று வாசலைக் காக்கிறவர்களுக்கு ஒரு சராசரி வலிமைக் கணக்கு உண்டு. கிரன்ட், காரஸ் மாதிரி தடியர்களை எல்லாம் உங்களோடு கூட்டிக்கொண்டு போய்விட்டால், பின்னால் நிற்கும் பலவீனமானவர்களில் முதலில் விழுவது மோர்டின். (பலரும் முதல் தடவை அவரை இப்படித்தான் இழந்தார்கள், ஏன் என்றே தெரியாமல்.) ஷெப்பர்டே சாகவும் வழி இருக்கிறது.

12 பேர், ஒவ்வொருவருக்கும் உயிர் அல்லது சாவு என்றால் தாளில் 4096 முடிவுகள். பயோவேர் 4096 காட்சி எழுதவில்லை. ஒவ்வொரு ஆளின் விதியையும் தனித்தனித் துண்டாக வைத்தார்கள். எழுத வேண்டிய வேலை கூட்டலில் வளர்கிறது, ஆடுபவர் உணரும் வித்தியாசமோ பெருக்கலில். செலவு 12, பலன் 4096. இதைவிடக் கச்சிதமான டிசைனை நான் அலுவலகத்தில்கூட அதிகம் பார்த்ததில்லை.

சரி, மூன்றாம் பாகத்தின் கடைசி. நீங்கள் சேர்த்த கூட்டாளிகள் எல்லாம் 'போர் வளம்' என்ற பட்டியலில் வருவார்கள். ராக்னிகள் ஒரு வரி, எதிரே ஒரு எண். முதல் பாகத்தில் காப்பாற்றிய போர்க்கப்பல் ஒரு வரி, ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஓர் எண் ஆக்குகிறார்கள். அந்த எண்ணையும் ஒரு சதவீதத்தால் பெருக்குகிறார்கள். மல்டிபிளேயர் ஆடாமல் இருந்தால் அது 50-ல் நிற்கும், சேர்த்ததில் பாதிதான் கணக்கு. தனியாகக் கதை ஆட வந்தவனை முன்பின் தெரியாதவர்களோடு சுடப் போ என்று சொன்னது அன்று தனி எரிச்சல்.

அந்த ஒற்றை எண்ணோடு நீங்கள் உச்சிக்குப் போகிறீர்கள். ஒரு சிறுவன் உருவத்தில் கேட்டலிஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு வருகிறது. இதுவரை ஒரு வார்த்தை சொல்லப்படாத பாத்திரம், கடைசிப் பத்து நிமிடத்தில் அறிமுகம். ரீப்பர்களை ஆள்வது தான்தான் என்கிறது. மூன்று வழி தருகிறது: ரீப்பர்களோடு எல்லாச் செயற்கை உயிர்களையும் அழிப்பது, ரீப்பர்களை நீங்களே ஆள்வது, உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலப்பது. வெடிப்பு முறையே சிவப்பு, நீலம், பச்சை. அதன் பின் ஓடும் காட்சிகள் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. கேக் இப்போது புரிந்திருக்கும். இந்த முடிவை ஏ, பி, சி என்று பிரித்துச் சொல்லிவிட முடியாது என்ற பொருளில் இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்பு பேட்டி கொடுத்திருந்தார். அது வேறு எரிகிற தீயில் எண்ணெய்.

அன்று வந்த புகார்களில் பாதி ஓட்டைகளைப் பற்றியவை. விண்மீன்களுக்கு இடையே போக உதவும் மாஸ் ரிலே எல்லாம் வெடிக்கின்றன. ஆனால் 2011-ல் வந்த அரைவல் என்ற துணைக்கதையில் ஒரே ஒரு ரிலே வெடித்து ஒரு சூரியக் குடும்பமே போயிருந்தது. அப்படியென்றால் நாம் காப்பாற்றியவர்கள் எல்லாரும் செத்தார்களா? லண்டனில் பக்கத்தில் நின்று சண்டை போட்ட காரஸ், அடுத்த காட்சியில் எங்கோ ஒரு காட்டுக் கிரகத்தில் கப்பலிலிருந்து எப்படி இறங்குகிறான்? முகமூடி கழற்றாத டாலியின் முகத்தை மூன்று பாகமாகக் காத்திருந்து பார்த்தால், இணையத்தில் விற்கும் ஒரு மாடலின் புகைப்படத்தை ஒட்டுவேலை செய்து வைத்திருந்தார்கள். (2021-ல் வந்த மறுபதிப்பில் மாற்றிவிட்டார்கள்.)

இவை பக். பேட்ச் போட்டால் சரியாகும். பேட்சும் வந்தது. 2012 ஜூன் 26 அன்று எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வெளியானது. ரிலேக்கள் சேதமாயின, யாரும் அழியவில்லை. நார்மண்டி வந்து நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி சேர்ந்தது. கடைசியில் ஓடும் படங்களில் உங்கள் ஃப்ளாகுகள்கூடக் கொஞ்சம் எட்டிப் பார்த்தன. க்ரோகன் குழந்தைகள், ரனோக்கில் வீடு கட்டும் குவாரியன்கள். நான் அதையும் ஆடினேன். நன்றாக இருந்தது. உறுத்தல் மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு வருகிறேன். கேட்டலிஸ்டின் வாதம் இது: படைக்கப்பட்டவை படைத்தவர்களுக்கு எதிராக எப்போதும் கிளம்பும், இயந்திரங்கள் ஒருநாள் எல்லா உயிரையும் அழிக்கும், அதைத் தடுக்கத்தான் நாங்கள் அவ்வப்போது வந்து அறுவடை செய்து பாதுகாக்கிறோம். திருடன் வருவான் என்று பயந்து ஊரில் எல்லா வீட்டையும் நானே கொள்ளையடித்து லாக்கரில் வைக்கிறேன் என்பது மாதிரி. பரவாயில்லை, பைத்தியக்கார இயந்திரம் பைத்தியக்காரத்தனமாகப் பேசலாம். வில்லனுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் என் கோப்பில் ரனோக் சமாதானம் 'ஆம்' என்று இருக்கிறது. சில மணி நேரம் முன்புதான் படைத்தவர்களையும் படைக்கப்பட்டவர்களையும் ஒரே மண்ணில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கெத் படை, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே குவாரியன் கப்பல்களோடு சேர்ந்து ரீப்பர்களை எதிர்த்துச் சாகிறது. கப்பலின் செயற்கை நுண்ணறிவு ஈடியும் பைலட் ஜோக்கரும் காதலிப்பதற்கு ஊக்கம் கொடுத்ததும் நான்தான். இதெல்லாம் கேட்டலிஸ்டின் வாதத்துக்கு நேரடி மறுப்பு. ஷெப்பர்டு அதைச் சொல்வதில்லை. சொல்வதற்குப் பேச்சுத் தேர்வில் ஒரு வரி கிடையாது. அந்த ஃப்ளாகை அந்த உரையாடல் படிக்கவே இல்லை.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. ரனோக் ஒரே ஒரு உதாரணம், அதுவும் சில வாரப் பழசு. கேட்டலிஸ்டிடம் யுகக் கணக்கில் தரவு இருக்கிறது. புள்ளிவிவரமாகப் பார்த்தால் என் கட்சி பலவீனம்தான். ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது வாதத்தில் ஜெயிக்க அல்ல. சொல்லித் தோற்க ஒரு வாய்ப்பு. "இருக்கலாம், நூறு வருடம் கழித்துப் பார்" என்று அது பதில் சொல்லியிருந்தால் எனக்கு வாயடைத்துப் போயிருக்கும். இரண்டே வசனம், ஒரு 'இஃப்'. கூடுதல் காட்சி, அனிமேஷன் எதுவும் வேண்டாம்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட நுட்பமானது. அழிவைத் தேர்ந்தெடுத்தால் கெத்தும் ஈடியும் சாகும். ரனோக்கில் கெத்தை ஏற்கெனவே அழிய விட்டவனுக்கு அந்தச் சிவப்பு வழி மலிவு. சமாதானம் செய்தவனுக்கு அது துரோகம். ஆக, பழைய முடிவு கடைசியில் கனக்கத்தான் செய்கிறது, நிரலில் இல்லாவிட்டாலும் ஆடுபவன் மனதில். இது உண்மை. நான் அந்தச் சிவப்புக் குழாயை நோக்கி நடந்தபோது லீஜியன்தான் ஞாபகத்துக்கு வந்தது. முடிவு எழுதியவர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு இது, எதிர்ப்பாளர்கள் அதிகம் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கனத்தை நான் தனியாகத்தான் சுமந்தேன். மூன்று பாகமாக என்னைக் கவனித்துக்கொண்டே வந்த விளையாட்டு, அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எக்ஸ்டெண்டட் கட்டில் நான்காவதாக ஒரு வழி சேர்ந்தது: மூன்றையும் மறுப்பது. மறுத்தால் ரீப்பர்கள் ஜெயிக்கும், எல்லாரும் சாவோம், லியாரா புதைத்து வைத்த ஆவணங்களை எடுத்து அடுத்த சுழற்சிக்காரர்கள் ஜெயிப்பார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். நேர்மையான முடிவு. என்றாலும் இங்கேயும் ஷெப்பர்டு பேசுவது சுதந்திரம் பற்றிய பொதுவான வீரவசனம், ரனோக் பற்றி ஒரு சொல் இல்லை.

கலைஞன் தன் முடிவை மாற்றலாமா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. இதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. கோனன் டாயில் 1893-ல் கொன்ற ஷெர்லாக் ஹோம்ஸை 1903-ல் உயிரோடு கொண்டுவந்தார், இலக்கியம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது ஃபால்அவுட் 3. 2008-ல் வந்த அதன் கடைசியில் கதிர்வீச்சு நிரம்பிய அறைக்குள் யாராவது போய்ச் சாக வேண்டும். கதிர்வீச்சு ஒன்றும் செய்யாத ஃபாக்ஸ் என்ற கூட்டாளி பக்கத்திலேயே நிற்பான். போகச் சொன்னால், இது உன் விதி என்று தத்துவம் பேசி மறுப்பான்! அடுத்த வருடம் ப்ரோக்கன் ஸ்டீல் வந்ததும் ஒழுங்காகப் போனான். அங்கேயும் கோபம் சாவின் மீது இல்லை. தனக்கே தெரிந்த ஒன்றை விளையாட்டு தெரியாத மாதிரி நடித்ததன் மீது.

மாஸ் எஃபெக்ட் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்த் தாங்களே பேட்ச் எழுதினார்கள், கோட்பாடாக. ரீப்பர்களுக்கு மனத்தை வசியப்படுத்தும் சக்தி உண்டு என்பது முதல் பாகத்திலிருந்தே கதையில் இருப்பது. கடைசிக் காட்சி முழுக்க ஷெப்பர்டின் மனத்துக்குள் நடக்கும் வசியப் போராட்டம், அந்தச் சிறுவன் உண்மை இல்லை, அழிவைத் தேர்ந்தால் மட்டும் கடைசியில் ஒரு மூச்சு இழுக்கும் காட்சி வருவதே சான்று என்றார்கள். மணிக்கணக்கில் வீடியோக்கள் போட்டார்கள். பயோவேர் அதை ஏற்று எதுவும் செய்யவில்லை. நான் அதை நம்பவும் இல்லை. ஆனால் அந்தக் கோட்பாடு ஏன் அவ்வளவு பேரைப் பிடித்தது என்பது சுவாரசியம். அதன்படி பார்த்தால் அந்த உரையாடல் ரனோக்கை மறந்தது தற்செயல் இல்லை, ஏமாற்று வேலையின் அங்கம். ஓட்டையை அர்த்தமாக மாற்றிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு தொடர் என்ன ஆனது என்று பார்த்தால், அந்த மூன்று நிறம் இன்றும் கடன் மாதிரி நிற்கிறது. எந்த முடிவு 'உண்மையில்' நடந்தது என்று சொன்னால் மற்ற முடிவை எடுத்தவர்களின் கோப்பு பொய்யாகிவிடும். 2017-ல் வந்த ஆண்ட்ரொமெடா இதைத் தீர்க்கவே இல்லை. மூன்றாம் பாகம் தொடங்குவதற்கு முன்பே கிளம்பிய கப்பல்களில் ஏறி, 600 வருடத்துக்கு மேல் தூங்கி, வேறு விண்மீன் மண்டலத்துக்கே போய்விட்டது. கதைச் சிக்கலிலிருந்து இவ்வளவு தூரம் ஓடிய இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியாது.

2020 டிசம்பரில் அடுத்த பாகத்துக்கு ஒரு சிறு முன்னோட்டம் காட்டினார்கள். பனிமலையில் வயதான லியாரா ஏறி வந்து, ஷெப்பர்டின் கவசத்தினுடையது போன்ற ஒரு உடைந்த துண்டைக் கையில் எடுக்கிறார். எல்லாரும் ஷெப்பர்டு வருகிறாரா என்று கேட்டார்கள். நான் பார்த்தது வேறு. லியாரா அசாரி இனம், ஆயிரம் வருடம் வரை வாழ்வார்கள். செயற்கை உயிரும் இல்லை, அதனால் சிவப்பில் சாக மாட்டார். முகத்தை மட்டும் காட்டினால், எந்த நிறம் நடந்தது என்று சொல்லாமலே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.